இன்னைக்கே எடுத்துருவோம்

மதுரைக்குப் போய்வந்து ஆறு நாள் ஆகிவிட்டது. சுருளியாண்டி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதையை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். வாயில்லாப்பூச்சி இல்லை அவர். ஓடைப்பட்டியில் திராட்சை எடுக்க வருகிற வியாபாரியை அரை நாள் பந்தலுக்குள்ளேயே உட்கார வைத்து, பேசியே சாய்க்கிற ஆள். அப்படிப்பட்டவருக்குச் சொந்த மகனிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பவில்லை.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக அந்த வார்த்தையை நானே சொல்லிவிடுகிறேன். மகன் மகிழனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது.

பையனுக்கு இருபத்திரண்டு வயது. சின்னமனூரில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில், பைக்கைக் கொண்டுபோய்ப் பந்தலின் கல்தூணில் விட்டான். அவன் பிறப்பதற்கு முன்பே நட்ட தூண் அது. "தெரியலப்பா" என்றான். கடையிலும் பொடி ஸ்க்ரூ கீழே விழுந்தால் தேடித் தேடி மாய்கிறான் என்று முதலாளி சொன்னார். அதற்கப்புறம்தான் மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது.

அவன் கண்ணில் மருந்தை ஊற்றி வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் ஜெனிபர் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு பக்கவாட்டில் தெரியாது, கடைசியில் நடுவில் குழாய்க்குள் பார்ப்பது மாதிரி கொஞ்சம் மிஞ்சும். அதுவும் எத்தனை வருஷத்துக்கு என்று சொல்ல முடியாதாம். ரத்தத்தில் வருகிறதாம்.

"நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன் தாயி" என்று கெஞ்சி ஒரு வாரம் தவணை வாங்கி வந்தார். வெளியே வந்து மகனிடம், "பவர் மாறியிருக்காம், வர்ற வியாழக்கிழம மறுபடி வரச் சொன்னாக" என்றார். வீட்டில் மனைவி பஞ்சம்மாளிடமும் அதையேதான் சொன்னார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை மட்டும் மனசில் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக்கு வியாழன். சொல்வதென்றால் இன்றைக்குத்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கென்று பார்த்து மகிழன் தேனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், கிராபிக்ஸ் கார்டு வாங்க.

இதற்கும் காரணம் சுருளியாண்டிதான். போன தையில் திராட்சை வெட்டு முடிந்த கையோடு ஒரு காரியம் செய்தார். பையன் பழைய மானிட்டரில் மூக்கு ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து கேம் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, பெரிய திரையாக இருந்தால் குனிய வேண்டாம், கண்ணுக்கு நல்லது என்று நாற்பத்து மூன்று அங்குல டிவி ஒன்றைத் தூக்கிவந்துவிட்டார். கடைக்காரன் ஃபோர்-கே என்றான். ஏதோ ஒரு கே, நல்லதாக இருந்தால் சரி என்று வாங்கிவிட்டார்.

மகிழன் சிரித்த சிரிப்பில் வீடே கூடியது. அவனுடைய கம்ப்யூட்டரில் படம் வரைகிற கார்டு அந்தத் திரைக்குத் தாங்கவில்லை. கேமைப் போட்டால் ஒரு ஆள் கையைத் தூக்கி இறக்குவதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அன்றிலிருந்து பையன் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தான்.

"நானும் வாரேன்" என்றார் சுருளியாண்டி.

"நீங்க எதுக்குப்பா? நான் பைக்குல போயிட்டு வந்துருவேன்."

"பைக்கு வேணாம். ஆடிக் காத்து ஆளைத் தூக்குது. பஸ்ஸுல போவோம்."

பஞ்சம்மாள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். மூத்த மகள் நாகஜோதிக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, பஞ்சம்மாளின் அண்ணன் மகன் விஜயபாண்டிதான். "போயிட்டு வரட்டும் மாமா, வளந்த பய" என்றாள். புருஷனை மாமா என்று கூப்பிடுவது வெறும் வழக்கத்துக்காக இல்லை. சுருளியாண்டியின் கூடப்பிறந்த அக்காள் மகள்தான் அவள்.

"நான் போகத்தான் செய்வேன்" என்று செருப்பை மாட்டினார்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திராட்சை டிரேயில் வைத்து, நாலு பக்கமும் பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் டிரேயைப் பார்த்தார்.

"பன்னீர் திராட்சையா, விதையில்லாததா?"

"கம்ப்யூட்டருண்ணே" என்றான் மகிழன்.

"எதா இருந்தாலும் லக்கேஜ்தான்" என்று டிக்கெட்டைக் கிழித்துவிட்டுப் போனார்.

ஜன்னலோரம் மகிழன், பக்கத்தில் அவர். பையனுக்கு வாய் ஓயவில்லை. இத்தனை நாளாக வீட்டில் யாரும் காது கொடுக்காத விஷயத்துக்கு இன்றைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"பழைய மானிட்டர்ல ஒரு படத்துக்கு இருபது லட்சம் புள்ளிப்பா. நீங்க வாங்குன டிவிக்கு எம்பது லட்சத்துக்கும் மேல. அம்புட்டையும் செகண்டுக்கு அறுவது தடவ புதுசு புதுசா வரையணும். இந்தக் கார்டு பாவம், எங்கிட்டுப் போகும்?"

"அரை ஏக்கர் பந்தல்ல ரெண்டு ஏக்கர் கொடிய ஏத்துன மாதிரி."

"அதேதான். இதுல மெமரின்னு ஒண்ணு இருக்கு. அதுதான் பந்தக்காலு. அது எட்டு ஜிபி இருந்தா பத்தாது, பதினாறு வேணும்."

சின்னமனூர் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தாண்டியது. வீரபாண்டி வரட்டும் என்றார் மனசுக்குள். வீரபாண்டியும் வந்தது.

"ஏலே மகிழா."

"என்னப்பா?"

"தண்ணி இருக்கா?"

பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். அவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கவாட்டில் நீட்டிய பாட்டிலை அவன் பார்க்கவில்லை. முழங்கையில் இடித்த பிறகு தலையைத் திருப்பி வாங்கிக்கொண்டான். எத்தனை வருஷமாக இப்படித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் பிள்ளை. ஒரு கொத்தில் ஒரு பழம் நிறம் மாறினால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற நான் இதைக் கவனிக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடை மாடியில். கிறிஸ்டோபர் என்பவர் வைத்திருக்கிறார். ஆள் நல்ல மாதிரி. டிரேயிலிருந்து பெட்டியை வெளியே எடுத்துப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர், "இம்புட்டு பத்திரமா யாரும் கொண்டு வந்ததில்ல தம்பி" என்று சிரித்தார்.

மகிழன் டிவியின் அளவைச் சொன்னதும், மேஜை மேல் மூன்று அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"இது எட்டு ஜிபி. பழைய மானிட்டருக்குன்னா தாராளம். உன் டிவிக்கு ரெண்டு நாள்ல மூச்சு வாங்கிரும். இது பதினாறு, நடுத்தரம். இதுவும் பதினாறுதான், ஆனா பெரிய கார்டு. வேகம் ரொம்ப அதிகம். முழு ஃபோர்-கேல எதப் போட்டாலும் வழுக்கிக்கிட்டு ஓடும்."

மகிழன் பெரியதைக் கையில் தூக்கிப் பார்த்தான். பிறந்த குழந்தையைக் கையில் வாங்குகிறவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பிறகு மெதுவாகக் கீழே வைத்தான்.

"நடுத்தரம் போதும்ணே. எல்லா கேமும் முழு ஃபோர்-கேல ஓடாது, தெரியும். சின்னதா வரைஞ்சு பெருசாக்கித் தெளிவாக் காட்டுற வசதி இருக்குல்ல, அத வச்சுச் சமாளிச்சுக்கிருவேன். பெருசுக்குப் போனா பவர் சப்ளையையும் மாத்தணும். என் கேபினெட்டுக்குள்ள நீளமும் பத்தாது. அளந்துட்டேன்."

"எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வந்திருக்க."

"ஆறு மாசமா இதான வேல. ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த ரகம் வரும்ணே. அப்ப இத வித்துட்டுப் பெருசுக்குப் போயிருவேன். டிவி எங்கயும் ஓடிறாது."

ரெண்டு வருசம் என்று சர்வசாதாரணமாகச் சொன்னான். இரண்டு வருஷத்தில் இந்தப் பிள்ளை எதைப் பார்ப்பான், எவ்வளவு பார்ப்பான் என்று யார் கண்டது.

"அந்தப் பெருசையே போடுங்க" என்றார் சுருளியாண்டி.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"பெட்டி பத்தாட்டி பெட்டிய மாத்துங்க. கரண்டு சமாச்சாரம் என்னவோ சொன்னானே, அதையும் மாத்துங்க. மிச்சத்த நான் குடுத்துக்கிறேன். இன்னைக்கே எடுத்துருவோம்."

சுருளியாண்டி குடும்பத்தில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் எது கேட்டாலும் ஒரே பதில்தான், "அடுத்த வெட்டுக்குப் பாப்போம்." கொடியை நறுக்கிக் கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் திராட்சை வெட்டு. விலை நின்றால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வெட்டு. பஞ்சம்மாளின் தோடு ஏழு வெட்டு தள்ளிப்போனது. நாகஜோதி ஸ்கூட்டி கேட்டுக் கேட்டு, கடைசியில் கல்யாணமே வந்துவிட்டது. அந்த டிவிகூட இருபது நாள் யோசித்து, மூன்று கடை ஏறி இறங்கி, ரிமோட்டுக்குப் பேட்டரி சும்மா வாங்கிக்கொண்டு வந்ததுதான்.

மகிழனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"வெல கேக்கலையேப்பா நீங்க" என்றான்.

"என்ன பெரிய வெல. எடுறா."

"ரெண்டு வருசம் பொறுத்தா இதே கார்டு பாதி வெலைக்கு வரும்ப்பா."

"பொறுக்க வேணாம்னா விடேன். இப்பவே பாரு. நல்லாப் பாரு. உனக்கு இப்பவே..."

திரும்பி, சுவரில் தொங்கிய ஒயர் கட்டுகளைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நிமிஷத்தில் தானே போட்டு உடைத்துவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம்" என்று கிறிஸ்டோபரிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கூட்டிப்போனான் மகிழன். கீழே பஸ் ஹாரன் சத்தம், பரோட்டாக் கடைத் தட்டுச் சத்தம்.

"அந்த டாக்டரம்மா உங்ககிட்ட என்ன சொன்னாக?"

"பவரு..."

"அப்பா."

சுருளியாண்டி படியில் உட்கார்ந்தார். சொன்னார். பக்குவமாகச் சொல்ல ஆறு நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஓரம் போயிருச்சாம், இருட்டு அதனாலதான் தெரியலையாம், நடுவுல இருக்கிறது நிக்குமாம், எவ்வளவு நாளைக்குன்னு தெரியாதாம் என்று முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தார்.

மகிழன் இரண்டு படி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"மருந்து?"

"இப்போதைக்கு இல்லைன்னாக. ஆராய்ச்சி நடக்குதாம்."

"ஆபரேசன்?"

இல்லை என்று தலையை ஆட்டினார்.

மகிழன் தன் வலது கையைத் தூக்கிக் காதோரம் வைத்து, விரலை ஆட்டி ஆட்டி முன்னால் கொண்டுவந்தான். விரல் கண்ணில் படும் வரைக்கும், கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வருகிற வரைக்கும் கொண்டுவந்தான். திரும்ப இடது கை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சுருளியாண்டியால் முடியவில்லை. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழாதீகப்பா. ஆளுக பாக்குறாக."

"என்னைய மன்னிச்சிருடா."

"நீங்க என்ன செஞ்சீக?"

ரத்தத்தில் வருகிறது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லாமல் விட்டிருந்தார்.

மகிழன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அவரும் பின்னால் போனார்.

"நடுத்தரத்தையே போடுங்கண்ணே."

"ஐயா பெருசு கேட்டாரே தம்பி."

"நான் சேத்து வச்சது இதுக்குத்தான்" என்றவன் அப்பாவிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான். "எனக்கு எது வேணும்னு ஆறு மாசமாப் பாத்துப் பாத்து முடிவு பண்ணிருக்கேன். கண்ணு போகுதுங்கிறதுக்காக அத மாத்த மாட்டேன். பரிதாபப்பட்டு ஒண்ணும் வாங்கித் தராதீக. என்னால தாங்க முடியாது."

கிறிஸ்டோபர் எதையும் கேட்கவில்லை. கார்டைப் பொருத்தி, ஸ்க்ரூவை முடுக்கி, ஓட்டிக் காட்டினார். காற்றாடி இரண்டும் சத்தமில்லாமல் சுற்றின. நியாயமாக மகிழன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "நல்லா இருக்குண்ணே" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பையன் கையை நீட்டினான்.

"டாக்டரம்மா சீட்டு குடுத்திருப்பாகள்ல. குடுங்க."

சட்டைப்பையில் ஆறு நாளாக வேர்வையில் ஊறிக் கிடந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் கடைசி வரி ஞாபகம் வந்தது. பிடுங்கவா முடியும். மகிழன் முகத்துக்கு நேராகப் பிடித்து வரி வரியாகப் படித்தான். படித்து முடித்தவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அப்பாவையே பார்த்தான்.

"கூடப்பொறந்தவகளையும் சோதிக்கணும்னு எழுதியிருக்கு."

"ம்."

"அக்காவுக்குப் பாக்கலயா?"

"அவளுக்கு என்ன, நல்லாத்தான இருக்கா."

"நானும் நல்லாத்தான்பா இருந்தேன்."

சுருளியாண்டி டிரேயின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னும் பத்தொம்பது நாளு. கல்யாணம் முடியட்டும்னு நெனைச்சேன். பத்திரிகை பாதி ஊருக்குப் போயிருச்சு. இந்த நேரத்துல கண்ணு அது இதுன்னு பேச்செடுத்தா ஊரு என்ன பேசும்? உங்க அம்மா தாங்குவாளா?"

"ரத்த சொந்தத்துல கல்யாணம்னும் எழுதியிருக்கு. சொந்தத்துல கட்டுனா இது வரும்னு சொன்னாகளா, இல்லையா?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை. "கேட்டாக. அக்கா மகளக் கட்டிருக்கேன்னு சொன்னேன். அப்பிடிக் கட்டுனா வர்றதுக்கு வாய்ப்பு கூடன்னாக." துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க ஐயா அவளையே கட்டு, விடக் கூடாதுன்னாரு. ஆசைப்பட்டுத்தான்டா கட்டுனேன். உங்க அம்மா பத்து வயசுப் புள்ளையா ஓடி வர்ற காலத்துலயே, இவ எனக்குன்னுதான் எல்லாரும் சொன்னாக. அது உங்க கண்ணுல வந்து விடியும்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுதான். இப்பத் தெரியும்ல? அக்கா விஜயபாண்டி மச்சானக் கட்டப் போறா. அவுகளுக்கும் புள்ளைக பொறக்கும்ல?"

ஓடைப்பட்டி வந்தது. இறங்குகிற இடத்தில் மகன் தடுமாறிவிடக் கூடாதே என்று சுருளியாண்டி தோளைப் பிடிக்கப் போனார். பிடிக்கவா வேண்டாமா என்று தயங்கினார். மகிழன் அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான். அவருக்கு மறுபடியும் கண் நிறைந்தது.

வீட்டில் பஞ்சம்மாளுக்கு ஒரே சந்தோஷம். புதுச் சாமான் வந்திருக்கிறது என்று பெட்டியின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தாள். "இதுலயாச்சும் கையத் தூக்குனா உடனே எறக்குவானா?" என்று கேட்டாள்.

மகிழன் ஒயர்களை மாட்டி டிவியைப் போட்டான். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியும், வாசலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் கதவைச் சாத்தினான். திரையில் ஒரு மலைக்கோட்டை வந்தது. பொழுது சாய்கிற நேரம். புல் தனித்தனியாக அசைந்தது. கல்லில் ஈரம் மினுங்கியது. எண்பது லட்சம் புள்ளியும் அங்கே இருந்தது.

"ஆத்தாடி, நம்ம மேகமலைக்குப் போற பாதை மாதிரியே இருக்கு" என்றாள் பஞ்சம்மாள்.

மகிழன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறு மாதம் காத்திருந்தது இதற்குத்தான். தலையை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று சுருளியாண்டிக்கு முதலில் புரியவில்லை. கோட்டை வாசலில் எரிகிற தீப்பந்தம் திரைக்கு நட்டநடுவில் வரும்படி நிறுத்திவிட்டு, மவுஸை விட்டுக் கையை எடுத்தான்.

"அம்மா, இங்கன வந்து உக்காரு. இந்தத் தீயையே பாக்கணும். கண்ண நகட்டக் கூடாது. ஓரத்துல என்ன இருக்குன்னு சொல்லு."

"என்னடா வெளையாட்டு இது" என்று சிரித்துக்கொண்டே பஞ்சம்மாள் திரைக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தாள். தீயைப் பார்த்தாள். "எடது பக்கம் ஆடு ஒண்ணு மேயுது. வலது கோடியில ஒரு ஆளு வேலு வச்சுக்கிட்டு நிக்கிறான். சரியா?"

"சரிம்மா."

சுருளியாண்டிக்கு இப்போது புரிந்தது. "ஏலே, வேணாம்டா" என்றார். யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னார்.

"அக்கா, இங்க வா."

நாகஜோதி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் தற்காலிக வேலை பார்க்கிற பெண். கல்யாணத்துக்காக லீவில் இருக்கிறாள். முகத்தில் கல்யாணக் களை. "எனக்கு இதெல்லாம் வெளையாட வராதுடா" என்றாள்.

"வெளையாட வேணாம். உக்காரு. தீயையே பாரு, கண்ண நகட்டாத. ஓரத்துல என்ன தெரியுது?"

உட்கார்ந்தாள். பார்த்தாள்.

"கோட்டைக் கதவு தெரியுது. தீ தெரியுது."

"எடது பக்கம்?"

"இருட்டா இருக்கு."

"வலது பக்கம்? நல்லாப் பாரு அக்கா. அவசரப்படாத."

"ஒண்ணும் இல்லையேடா."

"ஆடு நிக்குதுடி" என்றாள் பஞ்சம்மாள், பின்னால் நின்றபடி. "அந்தா, வெள்ளையா. கண்ணு முன்னாடி மேயுது."

"எங்கம்மா?" நாகஜோதி சிரித்துவிட்டாள். "ஆத்தாளும் மகனும் சேந்துக்கிட்டு என்னைய ஏமாத்துறீகளா?"

மகிழன் அக்காவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவோரம் நின்ற சுருளியாண்டி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்கு இருட்டுன்னா எப்பவுமே ஆகாதுடா" என்று பஞ்சம்மாள் கேலியாகத்தான் ஆரம்பித்தாள். "பொழுது சாஞ்சா வாசலுக்கு வரமாட்டா. சின்னப் புள்ளையில தண்ணி எடுத்துட்டு வரச் சொன்னாக்கூட செவத்தத் தடவித் தடவித்தான் வருவா, பயந்தாங்கொள்ளி..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். மகனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவைப் பார்த்தாள். அங்கே புருஷன் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றிருந்தார்.

"மாமா" என்றாள் பஞ்சம்மாள். "எம்புள்ளைகளுக்கு என்ன?"